இசைத்தட்டும் முதியவரும்

ஆற்றுப்படை நூல்களில், பரிசில் பெற்று மீளும் பாணன் வழியில் எதிர்ப்படும் வறிய பாணனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவான். 1960களில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடந்தது இதற்குத் தலைகீழானது. அங்கே, கேட்க விரும்பியவர்கள் பாணனைத் தேடி ஊர் ஊராக அலைந்தனர். கையில் இருந்த அடையாளமோ கீறல் விழுந்த பழைய இசைத்தட்டு ஒன்றுதான்.

மிசிசிப்பி மாநிலத்துக் கருப்பின உழவர் ஜான் ஹர்ட், 1928இல் ஓகே என்ற நிறுவனத்துக்காக மெம்பிஸிலும் நியூயார்க்கிலும் சில ப்ளூஸ் பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார். தட்டுகள் அதிகம் விற்கவில்லை. மறு ஆண்டே பொருளாதாரப் பெருவீழ்ச்சி வந்து, ஏழைகள் இசைத்தட்டு வாங்குவது நின்றுபோயிற்று. ஹர்ட் மறுபடி வயலுக்குப் போனார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வெளியுலகில் அவரைப் பற்றிக் கேட்பாரில்லை.

அவரது பாடல் ஒன்றில் ஆவலான் என்ற ஊர்ப்பெயர் வருகிறது. பழைய நிலப்படத்தில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்த பிறகு, 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் நேரே அந்தச் சிற்றூருக்கே போய்விட்டார். ஹர்ட் அங்கேதான் இருந்தார். சொந்தமாக ஒரு கித்தார்கூட அவரிடம் இல்லை. தேடி வந்த வெள்ளையரைக் காவல்துறை ஆள் என்றே அவர் முதலில் எண்ணினாராம். அந்நாளைய மிசிசிப்பியில் ஒரு கருப்பர் வேறெப்படி எண்ணியிருக்க முடியும்? சில மாதங்களில், ஜூலையில், நியூபோர்ட் நாட்டார் இசைவிழா மேடையில் எழுபது வயதில் அவர் பாடினார். விரல்களின் நிதானமும் குரலின் மென்மையும் 1928இல் இருந்தபடியே இருந்தன. தேடியவர்களுக்கு அது பெரும் நல்லூழ். எல்லா முதியவரும் அப்படித் தட்டிலிருந்து இறங்கி வந்தவராக அமைவார் என்ற நம்பிக்கையும் அங்கேதான் பிறந்தது எனலாம்.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. ஸ்கிப் ஜேம்ஸ் மிசிசிப்பியின் டுனிகா ஊர் மருத்துவமனையில் நோயாளியாகக் கிடந்தார். சன் ஹவுஸைத் தேடி மிசிசிப்பிக்குச் சென்ற டிக் வாட்டர்மனும் நண்பர்கள் இருவரும் கடைசியில் அவரைக் கண்டது, வடக்கே நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில். தெற்கிலிருந்து வேலை தேடிப் போன லட்சக்கணக்கான கருப்பினத்தவரோடு அவரும் போயிருந்தார். அதே ஜூனில்தான் மிசிசிப்பியில் குடியுரிமைப் பணியாளர்கள் மூவர் கடத்திக் கொல்லப்பட்டனர். வெளிமாநில இளைஞர்கள் கருப்பினக் குடியிருப்புகளில் விசாரித்துத் திரிவது எத்தகைய துணிச்சல் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

சன் ஹவுஸ் கித்தாரைத் தொட்டே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய பாடல்கள் மறந்துபோயிருந்தன. ஆலன் வில்சன் என்ற இருபது வயதையொட்டிய இளைஞர், அவருடைய பழைய பதிவுகளை வாசித்துக் காட்டி, அவர் இசையை அவருக்கே நினைவூட்டினார். 1965இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற இசைத்தட்டு இந்தப் பயிற்சிக்குப் பின் விளைந்ததே. எனக்கு இந்த நிகழ்ச்சி நெகிழ்ச்சியையும் சங்கடத்தையும் ஒருசேரத் தருகிறது. அறுபது வயதைக் கடந்த மனிதரிடம், முப்பது வயதில் இருந்தவராகத் திரும்பி வா என்று கேட்பதல்லவா இது? இடைப்பட்ட காலத்தில் அவர் என்னவாக ஆகியிருந்தார் என்பதை அறியும் ஆர்வம் குறைவாகவே இருந்தது. ஸ்கிப் ஜேம்ஸ் அந்த இடைவெளியில் திருச்சபைப் போதகராகியிருந்தார். ப்ளூஸ் பாவம் என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. ரசிகர்கள் கேட்டதோ, 1931இல் அவர் பதிவு செய்த பாடல்களை.

சேகரிப்பாளரின் ரசனைக்கு மற்றொரு குறையும் உண்டு. கித்தாருடன் தனித்திருக்கும் கிராமத்து ஆண்மகன் மீதே அதற்கு மோகம். 1920களில் புகழோடு பாடிய ஆல்பெர்ட்டா ஹன்ட்டர் அப்போது நியூயார்க் மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முழுமையாக மேடைக்கு மீண்டது பணி ஓய்வு பெற்ற பிறகு, 1977இல், 82ஆம் வயதில்.

டிக் வாட்டர்மன் மட்டும் வேறொன்றைப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். ஹர்ட்டின் ஊர்ப்பெயரையே சூட்டி ஒரு நிறுவனம் தொடங்கி, இம்முதியவர்களின் கச்சேரி ஏற்பாடுகளையும் ஊதியத்தையும் கவனித்துக்கொண்டார். உரிமைத்தொகைக்காகவும் வாதாடினார். ஸ்கிப் ஜேம்ஸின் பாடல் ஒன்றை 1966இல் கிரீம் என்ற ஆங்கிலேய ராக் குழு பாடியதால் வந்த தொகை, புற்றுநோயோடு போராடிய அவருக்கு உதவியது. 1969இல் அவர் இறந்தார். ஆர்தர் க்ருடப்புக்கு அந்த அளவும் வாய்க்கவில்லை. எல்விஸ் பிரெஸ்லி 1954இல் பாடி முதற்புகழ் பெற்றது க்ருடப்பின் பாடலை. அவருக்குச் சேர வேண்டிய பாக்கிக்காக வாட்டர்மன் பேசி முடித்த உடன்பாடு, கையெழுத்திடும் வேளையில் பதிப்புரிமை நிறுவனத்தின் மறுப்பால் முறிந்தது. வெறுங்கையோடு திரும்பிய க்ருடப் 1974இல் காலமானார்.

இந்தக் கசப்பான வரலாற்றுக்குப் பின்னால் வந்தவர் டிம் டஃபி. வட கரோலினாவில் நாட்டாரியல் பயின்ற அவர், 1990களின் தொடக்கத்தில் வின்ஸ்டன் சேலம் நகரில் கித்தார் கேப்ரியல் என்ற முதியவரைக் கண்டார். 1970இல் ஒரு தட்டு பதிவு செய்து, பணம் வராததால் தொழிலையே வெறுத்திருந்தவர் அவர். டஃபி அவருக்காக முதலில் செய்தவை மருந்து வாங்கித் தருவதும், மளிகைக் கடைக்கு வண்டியில் அழைத்துப் போவதும். கச்சேரிகளும் பதிவுகளும் அவற்றோடு ஒன்றாகவே நடந்தன. அந்த அனுபவத்திலிருந்து 1994இல் டஃபியும் அவர் மனைவியும் மியூசிக் மேக்கர் அறக்கட்டளையை நிறுவினர். வருமானம் குறைந்த முதிய தென்மாநிலக் கலைஞர்களுக்கு வாடகை, மருந்து, வாத்தியம், கச்சேரி வாய்ப்பு ஆகியவற்றுக்கு அது உதவத் தொடங்கியது.

கேப்ரியல் 1996இல் மறைந்தார். 1999இல் அதே அறக்கட்டளை எட்டா பேக்கரின் இசைத்தட்டை வெளியிட்டது. குழந்தைப் பருவத்திலேயே கித்தார் பழகி, துணி ஆலையில் பல்லாண்டு உழைத்து, அறுபது வயதில் வேலையை விட்டு மேடைக்கு வந்தவர் அவர். தட்டு வெளியானபோது அவருக்கு வயது 86.