ரேமில் பிறந்த கோப்பு

ரவுட்டருக்குள் இருக்கும் கான்ஃபிக் கோப்பை யாரும் ஒரே மூச்சில் எழுதி முடிப்பதில்லை. இன்று ஒரு வரி, அடுத்த மாதம் இரண்டு வரி, ஏதோ ஒரு நள்ளிரவில் அவசரத்துக்குச் சேர்த்து அப்படியே தங்கிவிட்ட மூன்று வரி என்று வளர்கிறது. எந்த போர்ட்டுக்கு எந்த ஐ.பி., யாரை உள்ளே விடலாம், ஒரு பாதை அடைபட்டால் மறுபாதை எது, எல்லாம் அதற்குத்தான் தெரியும். சிஸ்கோ பெட்டிகளில் அது பிறக்கும் இடம் ரேம். அடித்த வரி உடனே அமலுக்கு வரும். கரண்ட் போனால் உடனே காணாமலும் போகும்.

ஆகவே முதல் பயணம் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. 'ரைட் மெமரி' என்று அடித்தால், ரேமில் உள்ளதன் படி ஒன்று, கரண்ட் போனாலும் மறக்காத என்வி-ரேமில் போய் உட்காரும். அதை அடிக்க மறந்தவர்கள் ஏராளம். வேண்டுமென்றே அடிக்காமல் விட்டவரும் உண்டு.

2008 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோ மாநகரின் ஃபைபர் நெட்வொர்க்கைக் கட்டிய பொறியாளர், பாஸ்வேர்டுகளைத் தர மறுத்ததால் கைதானார். நெட்வொர்க் என்னவோ குறையில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. யாரும் உள்ளே நுழையத்தான் முடியவில்லை. வழக்கமாக இப்படி மாட்டிக்கொண்டால் பெட்டியை அணைத்துப் போட்டு, பாஸ்வேர்டைத் தாண்டி உள்ளே போவார்கள். இங்கே சில பெட்டிகளின் கான்ஃபிக் ரேமில் மட்டும் இருந்தது. அணைத்தால் பூட்டோடு வீடும் போய்விடும். கடைசியில் மேயர் கேவின் நியூசம் சிறைக்கே போய்ப் பாஸ்வேர்டுகளை வாங்கி வந்தார். 2010இல் பொறியாளருக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ரேமில் மட்டும் வைத்திருந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் கையில் கான்ஃபிக் சிக்காது என்பது சரிதான். ஆனால் ஒரு மாநகரின் நெட்வொர்க்கை ஒரே ஆளின் தலைக்குள் வைப்பதற்கு அது நியாயம் ஆகாது.

என்வி-ரேமில் இருப்பதையும் பேக்கப் என்று நம்ப முடியாது. 2018 ஏப்ரலில் சிஸ்கோ ஸ்விட்சுகளின் 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' வசதி வழியாக நுழைந்தவர்கள், ரஷ்யாவிலும் ஈரானிலும் அந்தப் படியையே அழித்து, எழுத்துகளால் வரைந்த அமெரிக்கக் கொடியை அங்கே விட்டுச் சென்றார்கள். பெட்டிக்கு வெளியே ஒரு படி இருந்தால்தான் அத்தகைய நாளில் உதவும்.

வெளியே போக ஆதி நாளிலிருந்து உள்ள வண்டி டி.எஃப்.டி.பி. எம்.ஐ.டி.யின் கேரன் சோலின்ஸ் 1981இல் எழுதிய ஆவணம் அதை வகுத்தது. 512 பைட் அனுப்பும், வந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கும், அடுத்ததை அனுப்பும். பாஸ்வேர்டு கேட்காது, எதையும் மறைக்காது. கான்ஃபிக் அதில் பட்டவர்த்தனமாகப் போகும்.

பிறகு வந்த ரான்சிட் என்ற மென்பொருள், ஆள் சொல்லக் காத்திருக்காமல் தானே ஒவ்வொரு பெட்டியிலும் லாகின் செய்து கோப்பை எடுத்துவரும். முந்தைய படியோடு ஒப்பிட்டு, மாறிய வரிகளை மெயிலில் அனுப்பும். சாகு யுட்டி தொடங்கிய ஆக்ஸிடைஸ்ட் அதே வேலையை ரூபி மொழியில் செய்து, படிகளை, பழைய வடிவங்களையும் காத்து வைக்கும் கிட்டில் அடுக்குகிறது. என்னைக் கேட்டால், படியைவிட அந்த மெயில்தான் பெரிய லாபம். அதைத் தினமும் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

சிக்கலெல்லாம் கோப்பு பெட்டிக்குத் திரும்பி வரும்போதுதான். பழைய ரவுட்டர் எரிந்துபோய், புதியது வந்து, சேமித்த கோப்பை ஓடும் கான்ஃபிக்கில் ஏற்றுகிறோம் என்று வையுங்கள். அது பழையதை நீக்கிவிட்டு உட்காராது, இருப்பதோடு கலந்துகொள்ளும். புதிய பெட்டியின் போர்ட்டுகளில் தொழிற்சாலையிலேயே 'ஷட்டவுன்' வரி இருக்கும். சேமித்த கோப்பிலோ 'நோ ஷட்டவுன்' இருக்காது, இயல்பு நிலையை அது எழுதிக் காட்டுவதில்லை. எல்லா வரியும் சரியாக ஏறியிருக்கும், ஒரு போர்ட்டும் எழுந்திருக்காது. என்வி-ரேமில் ஏற்றி ரீபூட் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்விட்ச் என்றால் இன்னொரு வில்லங்கம்: வீலான் பட்டியல் பெரும்பாலும் ஃபிளாஷில் தனிக் கோப்பாக இருக்கும், கான்ஃபிக்கோடு வந்திருக்காது.

தொலைவிலிருந்து பாதுகாப்பாக லாகின் செய்ய உதவும் எஸ்.எஸ்.எச்.சுக்கான ஆர்.எஸ்.ஏ. சாவியும் அந்தக் கோப்பில் கிடையாது. கன்சோல் கேபிளைச் செருகி, புதிதாக உருவாக்க வேண்டும். அதன்பின் லாகின் செய்யும் ஒவ்வொருவரின் லேப்டாப்பும், அதே பெயர், அதே ஐ.பி. இருந்தும், சாவி மாறிவிட்டது, யாரோ நடுவில் புகுந்திருக்கலாம் என்று எச்சரிக்கும்.