நான்கு சட்டத் தேனீப் பெட்டி

தாய்க் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்த இளங்கூட்டம் தேறி வளரும் வரை குடியிருக்கும் சிறு மரப்பெட்டியே நான்கு சட்டத் தேனீப் பெட்டி. பிரிந்து வரும் கூட்டத்தைப் பிடித்து வைக்கவும், புது இராணியை உருவாக்கவும், கூட்டத்தை விலைக்குக் கொடுத்தனுப்பவும் இது பயன்படுகிறது. நியூக்ளியஸ் பெட்டி என்றும் சொல்வார்கள். அகலத்தில் மட்டுமே இது சிறியது. உள்ளே தொங்குவது பெரிய பெட்டியின் சட்டமேதான். சட்டத்தையும் சேர்த்துச் சுருக்கிவிட்டால், கூட்டம் பெருகும் நாளில் புழு நிறைந்த அடையை அறுத்துப் பெரிய சட்டத்தில் கட்ட வேண்டிவரும்; பாதிப் புழுக்கள் அதிலேயே நசுங்கும்.

இந்தியத் தேனீ மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் வரிசையாக அடை கட்டும் இனம். புழு வளரும் பகுதியை ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காப்பது பணித் தேனீக்களின் பொறுப்பு. மூன்று அடையை மட்டுமே மூடக்கூடிய கூட்டத்தை ஏழு சட்டம் கொண்ட பெரிய பெட்டியில் குடிவைத்தால் அந்தக் காவல் தளர்ந்துபோகும். தேனீ மூடாத அடையில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். அதன் புழுக்கள் அடையைக் குடைந்து நூலாம்படை போல வலை பின்னிவிட்டால், கூட்டம் பெரும்பாலும் பெட்டியைக் காலிசெய்துவிட்டுப் பறந்துவிடும்.

தென்னிந்தியாவில் இந்தப் பெட்டிக்கு அடிப்படை நியூட்டன் பெட்டி. திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியைச் சேர்ந்த பாதிரியார் நியூட்டன் 1910-களில் இந்தியத் தேனீயின் உடலளவுக்கும் கூட்ட அளவுக்கும் ஏற்ப அதை அமைத்தார். பின்னர் 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டத்தில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்புப் பணி, தேனீ வளர்ப்பை அந்த வட்டாரத்தின் வீட்டுத்தொழிலாக வேரூன்றச் செய்தது.

பெட்டியின் அளவுகள் எல்லாம் 'தேனீ இடைவெளி'யிலிருந்து பிறப்பவை. அடைக்கும் சுவருக்கும் நடுவே தேனீ நடமாடும் அளவுக்கு மட்டும் இடம் விட்டால், அதைத் தேனீ அடைக்காமல் பாதையாக விட்டுவைக்கும் என்பதை அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் 1851-இல் கண்டு பெட்டி வடிவமைப்பில் புகுத்தினார். ஐரோப்பியத் தேனீக்கு இது சுமார் 9 மி.மீ.; இந்தியத் தேனீக்கு 7 முதல் 8 மி.மீ. நியூட்டன் சட்டத்தின் அகலம் சுமார் 22 மி.மீ. நான்கு சட்டத்துக்கு 88. சட்டங்களுக்கு நடுவே மூன்று, சுவரோரம் இரண்டு என ஐந்து இடைவெளிக்கு 40. ஆக உள் அகலம் 128 மி.மீ. சட்டத்தின் நீளம் 205. இரு முனையிலும் 8 சேர்த்தால் உள் நீளம் 221. உயரம் 145, மேலே ஓர் இடைவெளி, கீழே ஓர் இடைவெளி சேர்த்தால் 161. பட்டறைக்குப் பட்டறை சட்டம் சில மில்லிமீட்டர் மாறும் என்பதால், கையில் இருக்கும் சட்டத்தை அளந்து இதே கணக்கைப் போட்டுக்கொண்ட பிறகே பலகையை அறுக்க வேண்டும். இடைவெளி அகன்றால் அங்கே கோணலாக ஓர் அடை எழும்பும்; சட்டத்தைத் தூக்கும்போது அது பிய்ந்து தேன் ஒழுகும், எறும்பு வரும்.

நன்றாக உலர்ந்த, கடும் வாசனையில்லாத மரம் வேண்டும். தேக்கு, பலா, அயினி எல்லாம் ஏற்றவை. பலகைக் கனம் சுமார் 20 மி.மீ. குட்டைப் பக்கப் பலகைகளின் உள்விளிம்பில் படிபோல் வெட்டிவிட்டால் சட்டத்தின் காதுகள் அதில் அமரும். ஆணி அடிக்கும் முன் மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றா என்று பார்ப்பது அவசியம். பெட்டி கோணினால் சட்டம் ஒரு பக்கம் சுவரை உரசும். மூட்டுகளில் கீறல் வெளிச்சம்கூடத் தெரியக்கூடாது. ஐரோப்பியத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து விரிசலை அடைத்துக்கொள்ளும். இந்தியத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றே சொல்லலாம். விட்ட விரிசல் அந்துப்பூச்சிக்குத் தொட்டிலாகிவிடும். வாசல் 8 மி.மீ. உயரமும் மூன்று நான்கு செ.மீ. நீளமும் இருந்தால், சில காவல் தேனீக்களே அதைப் பார்த்துக்கொள்ளும். வண்ணம் வெளிப்பக்கம் மட்டும் பூச வேண்டும். பூச்சிமருந்து ஏற்றிய பலகையைத் தொடவே கூடாது. எறும்பு ஏறாதிருக்க, பெட்டியை வைக்கும் தாங்கியின் கால்கள் நீர்க் கிண்ணத்தில் நிற்க வேண்டும்.

கன்னியாகுமரிப் பகுதியில் கூட்டங்கள் பெருகும் மாதங்களே பிரிப்பதற்கு உகந்தவை. அப்போது பிரித்தவை ரப்பர் துளிர்க்கும் தேன் காலத்துக்குள் தேறிவிடும். மூடிய புழு அடை இரண்டும், தேனும் மகரந்தமும் உள்ள ஓர் அடையும், நல்ல இராணி அறை ஒன்றும் புதுப் பெட்டிக்கு மாற்றப்படுகின்றன. வயல் தேனீக்கள் பழகிய இடத்துக்கே திரும்பும். அதனால் இன்னும் வெளியே பறக்கத் தொடங்காத இளந்தேனீக்களைக் கூடுதலாக உதறிச் சேர்க்க வேண்டும். இதை மறந்ததால் வீணான கூட்டங்கள் ஏராளம். 1991-க்குப் பின் தாய்லாந்து புழுப்பை நோய் தென்னிந்தியக் கூட்டங்களை வாரிக்கொண்டு போன அனுபவத்தால், நோயிலும் தாக்குப்பிடித்த கூட்டத்திலிருந்து மட்டுமே பிரிப்பது வளர்ப்போர் விடக்கூடாத வழக்கம்.

நான்கு அடையையும் தேனீ மூடியதும், சட்டங்களை அதே வரிசையில், அதே திசை நோக்கிப் பெரிய பெட்டிக்கு மாற்றி, சிறு பெட்டி இருந்த அதே இடத்தில் அதை வைக்கிறார்கள். காலியான சிறு பெட்டியின் ஒட்டிய மெழுகைச் சுரண்டி, வெயிலில் காயவைத்து, அடுத்த பருவத்துக்கு எடுத்துவைக்கிறார்கள்.