கடைத் தட்டிலிருந்து காணாமல் போன பத்திரிகைகள்

மே 3ஆம் திகதி உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். ரொறன்ரோவிலும் அந்த நாட்களை ஒட்டி எங்கட ஆக்கள் கூட்டம் வைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் 2000 ஒக்ரோபரில் கொல்லப்பட்ட நிமலராஜன், மட்டக்களப்பில் 2004 மே மாதம் கொல்லப்பட்ட நடேசன், கொழும்பில் 2005 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்ட சிவராம் ஆகியோரின் படங்களுக்கு விளக்கேற்றுவார்கள். செய்யத்தான் வேண்டும். ஆனால் நான் போன கூட்டங்களில் எனக்கு ஒரு விடயம் நெருடியது. பேசியவர்கள் எல்லோரும் ஊரில் நடந்ததைத்தான் பேசினார்கள். இதே நகரத்தில் நடந்தவை பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். இளசுகளுக்கு இது தெரியாது. தெரிந்தவர்களுக்கோ வயது போய்க்கொண்டிருக்கிறது.

முதலில் இந்தத் தினத்தின் பூர்வீகம். 1991இல், நமீபியா சுதந்திரமடைந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதன் தலைநகர் விண்ட்ஹூக்கில் ஆபிரிக்கப் பத்திரிகையாளர்கள் கூடி, மே 3ஆம் திகதி ஒரு பிரகடனத்தை வெளியிட்டார்கள். சுதந்திரமான பத்திரிகை வேண்டும் என்று கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. பன்மைத்தன்மையுள்ள பத்திரிகைத்துறை வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அரசாங்கம் கையை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, வேறு எவருடைய ஏகபோகமும் இருக்கக்கூடாது, சமூகத்தில் உள்ள வேறுவேறு கருத்துகளும் வெளிவரக்கூடிய அளவுக்குப் பல பத்திரிகைகள் இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. ஐ.நா. பொதுச்சபை 1993 டிசம்பரில் அந்த நாளை உலகத் தினமாக்கியது. அந்த 1993ஐக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ரெக்ஸ்டேல்காரன். ரொறன்ரோவின் வடமேற்கு மூலை. 1998இல் ரொறன்ரோவோடு சேர்க்கப்படும்வரை எற்றோபிக்கோ நகரத்தின் ஒரு பகுதி. தமிழர்கள் திரண்டு வாழ்ந்த ஸ்காபரோ, நகரத்தின் மற்ற அந்தம். எங்கள் பக்கம் பஞ்சாபிகள், சோமாலியர்கள், கரிபியன் ஆக்கள், இடையிடையே நாங்கள். ஒரு அப்பாட்மென்ரில் ஆறேழு பேர், ஆளுக்கொரு ஷிப்ட். சனிக்கிழமையில் தமிழ்க் கடைக்குப் போவோம். அரிசிமா, கருவாடு, வாடகைக்கு வீடியோ கசெற். காசு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. அதில் பத்திரிகைகள். அப்போது இன்ரநெற் இல்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் ரெலிபோன் இல்லை. கொழும்புக்கு ஆள் வந்து நின்றால்தான் கதைக்கலாம். அம்மா இருக்கிற ஊரில் குண்டு விழுந்ததா, சனம் எந்தப் பக்கம் இடம்பெயர்ந்தது என்று அறிவதற்கு அந்தத் தட்டுத்தான் எங்களுக்கு வழி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தத் தட்டில் பல நிறங்கள் இருந்தன. செந்தாமரை வந்தது. மஞ்சரி வந்தது. ஜோர்ஜ் குருஷேவின் தாயகம் எல்லோரையும் நக்கலடித்துக்கொண்டு வந்தது. தேடகத்தாரின் தேடல் வந்தது. 1990இல் காலம் இலக்கிய இதழ் தொடங்கியது. இவை ஒன்றோடொன்று சண்டை பிடித்தன. எனக்குச் சிலதைப் பிடிக்கும், சிலதை வாசித்தால் இரத்தம் கொதிக்கும். கனடாவின் உரிமைகள் சுதந்திரங்கள் சாசனம் 1982இல் வந்தது. அதன் இரண்டாம் பிரிவு பத்திரிகைச் சுதந்திரத்தைப் பெயர் சொல்லியே காக்கிறது. ஒட்டாவாவிலிருந்து எந்தத் தணிக்கை அதிகாரியும் எங்களைத் தேடி வரவில்லை. எங்கட எழுத்தை வாசிக்கத் தெரிந்த அதிகாரிகள் அப்போது எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

மஞ்சரியின் ஆசிரியர் டி.பி.எஸ். ஜெயராஜ். கொழும்பில் வீரகேசரி, ஐலண்ட் பத்திரிகைகளில் வேலை செய்தவர், இந்துவுக்கு எழுதியவர், 1988-89இல் ஹார்வர்டில் நீமன் புலமைப்பரிசில் பெற்றவர். அவருடைய அரசியல் முடிவுகள் எல்லாவற்றோடும் எனக்கு அன்றும் உடன்பாடில்லை, இன்றும் இல்லை. ஆனால் ஒரு சமர் நடந்தால் இரு பக்கத்து இழப்பையும் எழுதுவார். 1993 பெப்ரவரியில் ரொறன்ரோவில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில் வைத்து அவரைப் பேஸ்போல் மட்டைகளால் அடித்தார்கள். கால் முறிந்தது. புலி ஆதரவாளர்களே அடித்தார்கள் என்று அவர் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். அதே வருடம் டிசம்பரில்தான் ஐ.நா.வின் தீர்மானம்.

இதில் ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். மஞ்சரியை நிறுத்தியது அந்த அடி இல்லை. ஜெயராஜ் திரும்பவும் எழுதினார். பத்திரிகையும் வந்தது. அது நின்றது 1996இல். இடைப்பட்ட காலத்தில் நடந்த வேலை மட்டையைவிடச் சத்தம் குறைந்தது. விற்கவேண்டாம் என்று கடைக்காரருக்குச் சொல்லப்பட்டது. விளம்பரம் கொடுக்கவேண்டாம் என்று வியாபாரிகளுக்குச் சொல்லப்பட்டது.

புலம்பெயர்ந்த பத்திரிகையின் பொருளாதாரம் தெரியாதவர்களுக்கு இது சின்ன விடயமாகத் தெரியலாம். ஒரு கிழமைப் பத்திரிகையை விற்கிற காசு அச்சுக்கூலிக்கும் காணாது. பிறகு வந்த பத்திரிகைகளில் பல இலவசமாகவே கடைகளில் அடுக்கப்பட்டன. அப்படியென்றால் பத்திரிகையை நடத்துவது யார்? வீடு விற்கிற முகவர், காப்புறுதி முகவர், நகைக்கடை, புடவைக்கடை, விமானச்சீட்டு விற்பவர், குடிவரவு வழக்குப் பார்க்கிற சட்டத்தரணி. இவர்களின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் தமிழர்கள். ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகைக்கு ஒரு விளம்பரதாரர் போனால் இன்னொருவர் வருவார். எங்களிடம் இருப்பது ஒரே சந்தை. ஊர்க்கிணறு மாதிரி, எல்லோரும் அதில்தான் அள்ளவேண்டும். 'அவர் துரோகிப் பத்திரிகைக்கு விளம்பரம் குடுக்கிறார்' என்று பத்து வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தால் அந்த முகவரின் அந்த வருட வியாபாரம் சரி. அவரும் பிள்ளைகுட்டிக்காரன், அடுத்த கிழமை விளம்பரத்தை நிறுத்துவார். குற்றம் என்று சொல்ல அங்கே ஒன்றும் நடக்கவில்லை. பொலிஸில் என்னத்தை முறையிடுவது? ஒருவர் விளம்பரம் கொடுக்க விரும்பவில்லை என்றா?

எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் நானே கண்டது இது. ஒரு சனிக்கிழமை நான் வழமையாக எடுக்கிற பத்திரிகை தட்டில் இல்லை. கேட்டேன். முதலாளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேசைக்குக் கீழே இருந்து மடித்த பிரதி ஒன்றை எடுத்து மரக்கறிப் பையுக்குள் வைத்தார்.

"அண்ணை, உதை இனி வெளியில வைக்கேலாது. பெடியள் ரெண்டு பேர் வந்து கதைச்சிட்டுப் போட்டாங்கள்."

"வெருட்டினவங்களோ?"

"சீச்சீ, மரியாதையாத்தான் சொன்னவங்கள். அம்மா சகோதரங்கள் ஊரில எந்தப் பக்கம் எண்டும் கேட்டவங்கள்."

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கட சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. கனடியப் பொலிஸ்காரருக்கு அதை எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சில மாதங்களில் மேசைக்குக் கீழேயும் பிரதி வரவில்லை. மனித உரிமைகள் கண்காணிப்பகம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் விசாரித்து, புலம்பெயர் தமிழர் மீதான மிரட்டலையும் பணப்பறிப்பையும் பற்றி அறிக்கை வெளியிட்டது 2006 மார்ச்சில். மஞ்சரி நின்று பத்து வருடங்களுக்குப் பிறகு.

இது ரொறன்ரோவில் மட்டும் நடந்ததும் இல்லை. பாரிஸ் புறநகரில் 1994 மே 1 அன்று சபாலிங்கம் தன் வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். புத்தகங்கள் பதிப்பித்தவர், ஈழப் போராட்ட இயக்கங்களின் வரலாற்றை எழுத முனைந்தவர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோவில் தேடகத்தின் நூலகத்துக்கு நெருப்பு வைக்கப்பட்டது. 1981 யாழ். நூலக எரிப்புக்காகக் கண்ணீர் விட்ட அதே சமூகத்தின் நடுவில் இது நடந்தது. 1981ஐப் பற்றிய கவிதைகள் எத்தனையோ வாசித்திருக்கிறேன். தேடகம் எரிந்ததைப் பற்றிக் கதைப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

தொழிற்சாலையில் என்னோடு இரவு ஷிப்டில் நின்ற ஒரு பஞ்சாபிக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "உங்களுக்கும் இருக்கா?" என்றுதான் கேட்டார். தாரா சிங் ஹேயரைப் பற்றி அவர் சொல்லித்தான் நான் முதலில் அறிந்தேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் சர்ரேயிலிருந்து பஞ்சாபிப் பத்திரிகை நடத்தியவர். 1985இல் ஏர் இந்தியா விமானத்தில் குண்டு வெடித்து 329 பேர் இறந்ததைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1988இல் சுட்டார்கள். சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு பத்திரிகையை நடத்தினார். 1998 நவம்பரில் வீட்டுக் கார்க் கொட்டகையில் வைத்துக் கொன்றார்கள். அந்த விமான வழக்குக்காக அவர் பொலிஸுக்குக் கொடுத்திருந்த வாக்குமூலம், அவர் இறந்ததால் நீதிமன்றத்தில் பயன்படாமல் போனது. அந்த வாக்குமூலத்தோடு தொடர்புபட்ட இன்னொரு பஞ்சாபி ஆசிரியர் தர்சேம் சிங் புரேவால். அவர் 1995 ஜனவரியிலேயே லண்டன் சவுத்தோலில் கொல்லப்பட்டிருந்தார்.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். மொன்றியல் பத்திரிகையாளர் மிஷேல் ஓஷே 2000 செப்டெம்பரில் தன் பத்திரிகையின் வாகனத் தரிப்பிடத்தில் சுடப்பட்டார். மோட்டார் சைக்கிள் கும்பல்களைப் பற்றி எழுதியவர். உயிர் தப்பினார். மொன்றியல் தெருவில் பத்திரிகையாளர்கள் ஊர்வலம் போனார்கள், அரசியல்வாதிகள் பேசினார்கள். நல்ல விடயம். எங்கட ஆசிரியரின் கால் முறிந்தபோது எத்தனை பேர் ஊர்வலம் போனார்கள்? தமிழிலோ பஞ்சாபியிலோ எழுதுகிறவனுக்கு அடி விழுந்தால் அதை 'அவர்களுடைய உள்வீட்டுப் பிரச்சினை' என்று பார்க்கிற பழக்கம் இந்த நாட்டில் இருந்தது. சாசனம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டது என்பதற்காக அந்த இரண்டு மொழிகளில் எழுதுகிறவர்களை மட்டும் காக்கவென்று அது எழுதப்படவில்லையே.

இனி வழமையான கேள்வி வரும். 'ஊரில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது உமக்குக் கருத்துச் சுதந்திரமோ?' சிங்களப் பொலிஸார் 1981இல் நூலகத்தோடு ஈழநாடு அச்சகத்தையும் எரித்தார்கள். 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவம் ஈழமுரசு, முரசொலி அச்சகங்களைத் தகர்த்தது. 2006 மே 2ஆம் திகதி, பத்திரிகைச் சுதந்திர தினத்துக்காக யுனெஸ்கோ கொழும்பில் விழா எடுத்த அதே நாட்களில், உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் புலிகளின் குரல் நிலையத்தின்மீது விமானக் குண்டு போட்டு அதன் பணியாளர்களைக் கொன்றது இலங்கை அரசு. நான் அந்த வானொலியின் அரசியலை ஏற்றுக்கொண்டவன் அல்ல. ஆனால் அது கொலை என்று அன்றைக்கே சொன்னேன், யுனெஸ்கோவும் கண்டித்தது. ஊரில் இத்தனை வாய்கள் அடைக்கப்பட்டபோது, அடைக்கப்படாத ஒரே இடத்தில் இருந்தவர்கள் நாங்கள். அங்கே எழுத முடியாததை இங்கே எழுதியிருக்கவேண்டும். இங்கேயும் ஒரே குரலாக்கியதால் யாருக்கு என்ன நன்மை? 2009இன் முதல் மாதங்களில் வன்னியில் சனம் அடைபட்டுக் கிடந்தபோது என்ன நடக்கிறது என்று பல பக்கத்தாலும் கேட்டறிய ரொறன்ரோத் தமிழரிடம் வழி இருக்கவில்லை. வெற்றி வரும் என்று மே மாதம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

பன்மை என்பது கனடியப் பத்திரிகைகளுக்கும் லேசாகக் கிடைத்ததில்லை. 1980 ஓகஸ்ட் 27, ஒரு புதன்கிழமை, தொம்சன் நிறுவனம் ஒட்டாவா ஜேர்னலையும் சவுதம் நிறுவனம் வினிபெக் ரிபியூனையும் ஒரே நாளில் மூடின. ஒவ்வொரு நகரத்திலும் ஒரு முதலாளிக்குப் போட்டி இல்லாமல் போனது. அரசாங்கம் ரொம் கென்ற் தலைமையில் ஆணைக்குழு அமைத்தது. அது 1981இல் அறிக்கை கொடுத்தது, பரிந்துரைகளில் பெரும்பாலானவை தூசி பிடித்தன. அங்கே காசு செய்ததை எங்களிடம் பயம் செய்தது. இப்போது தட்டும் மாறிவிட்டது. 2023இல் கனடா இணையச் செய்திச் சட்டத்தை நிறைவேற்றியதும், காசு கொடுக்க மறுத்த மெற்றா நிறுவனம் அந்த ஓகஸ்டில் கனடியர்களின் பேஸ்புக்கிலிருந்து செய்திகளைத் தூக்கியது. ஒரே முதலாளியின் தட்டில் எல்லாரும் பத்திரிகை வைத்தால் என்ன நடக்கும் என்று ரெக்ஸ்டேல் தமிழனிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பத்திரிகைகளையும் புலம்பெயர் இதழ்களையும் ஸ்கான் பண்ணிச் சேர்த்து வருகிறார்கள். உங்கள் பேஸ்மென்றில், கராஜில், சாக்குப் பைக்குள் பழைய மஞ்சரியோ தாயகமோ தேடலோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். செந்தாமரை கிடந்தாலும், இயக்கப் பத்திரிகைகள் கிடந்தாலும் அப்படித்தான். என்னிடம் ஒரு பெட்டி இருக்கிறது. சில பிரதிகளில் இன்னும் மரக்கறி ஈரம் பட்ட கறை இருக்கிறது.