பொருநையின் எட்டு அணைக்கட்டுகள்

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களுமே நம் நினைவிற்கு வருதல் இயல்பு. ஆற்றின் குறுக்கே கிடக்கும் ஒரு கற்சுவரும் வரலாறு கூறும் என்பதை, மருதூர் அணைக்கட்டின் அருகே நின்ற ஒரு மாலையில் நான் உணர்ந்தேன்.

பண்டைப் புலவர் பொருநை எனப் போற்றிய தாமிரவருணி, பொதிகையிற் பிறந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலிற் கலக்கிறது. இக்குறுகிய வழியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. முதல் ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. எட்டாவது அவர்தம் ஆட்சியில், 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது.

இவை வெள்ளத்தைத் தேக்கி வைக்கும் பேரணைகள் அல்ல. நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்திக் கால்வாயில் திருப்பும் தாழ்ந்த சுவர்களே. எஞ்சிய நீர் சுவரின்மேல் வழிந்து கீழூருக்குச் செல்லும். கால்வாய் நீர் குளத்தை நிரப்பும். நிரம்பிய குளம் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்தை நிரப்பும். வயலின் வடிநீரில் ஒரு பகுதி மீண்டும் ஆற்றையே அடையும். தென்மேற்குப் பருவத்தில் கார், வடகிழக்குப் பருவத்தில் பிசானம் என இருபோகம் விளைந்தது இம்முறையினாலேயே. தமக்கு வேண்டியதை எடுத்து, அடுத்தவர் பங்கை விடுதல் என்னும் அறத்தை நம் முன்னோர் கல்லிலே கட்டி வைத்தனர்.

அவ்வறத்தை நாம் காத்தோமா? ஆற்று மணல் வெறும் மண் அன்று. நீரை உறிஞ்சித் தன்னுள் வைத்து, கோடையிலும் உறைகிணறுகளுக்கு ஊட்டும் களஞ்சியம் அது. அம்மணலை அளவின்றி அள்ளினால் ஆற்றுப்படுகை தாழும், கால்வாயின் தலைமடைக்கு நீர் ஏறாது, கிணறுகள் வற்றும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த விடுதலைப் போராட்ட வீரர் இரா. நல்லகண்ணு இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010 டிசம்பரில், தாமிரவருணியில் மணல் அள்ளுவதை ஐந்தாண்டுகளுக்குத் தடை செய்தது. முதுமையிலும் ஒருவர் ஆற்றுக்காக நீதிமன்றப் படியேறினார் என்பதை இளைஞர்களாகிய நீங்கள் மறவாதிருத்தல் வேண்டும்.

ஆயினும் தீர்ப்புக்குக் காலவரை உண்டு, பொறுப்புக்கு இல்லை. மருதூர்ச் சுவரின்மேல் வழிந்த நீரைக் கண்டபோது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மேலூரார் எடுத்தது போக மிஞ்சியதே கீழூராரின் வாழ்வு. இன்று வாழும் நாம் மேலூரார். நாளை பிறப்போர் கீழூரார். அவர்களுக்கு வழிந்து செல்லுமாறு நாம் விட்டு வைப்பது எவ்வளவு?