சேர்க்கைப் பதிவேடும் நீலக்கருப்பு மையும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். கடைசியில் ஒரு உதவியும் கேட்டிருக்கிறேன்.

சென்ற மாதம் நம் பள்ளித் தலைமையாசிரியர் போன் செய்தார். "சார், 1983 சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை. உங்கள் கையெழுத்துதான். ஒருமுறை வந்து பார்க்கிறீர்களா?" என்றார். போனேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நம் மாணவி ஒருவர் இப்போது சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர். ஆதாரில் யாரோ 01.01.1972 என்று பதிந்துவிட்டார்கள். அவர் அதைவிட நாலைந்து வயதாவது இளையவர். திருத்த வேண்டுமானால் பள்ளிப் பதிவேட்டின் நகல் வேண்டும். அவருக்கு இது நாலைந்து வருடச் சம்பளம்.

பதிவேட்டைத் திறந்தேன். ஓட்டுக்கூரை ஒழுகி பீரோவுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. என் பக்கம் முழுவதும் நீல மேகம். பிறந்த வருடத்தின் கடைசி இலக்கம் 6ஆ, 8ஆ என்று தெரியவில்லை. எழுத்தால் எழுதியதும் கரைந்துவிட்டது. அதே பீரோவில், அதே ஒழுகலில் நனைந்த 1950களின் பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தேன். தாளில் தண்ணீர்க் கறை இருக்கிறது. எழுத்தெல்லாம் அப்படியே இருக்கிறது, ஓரங்களில் மட்டும் லேசான பழுப்பு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், "பதிவேட்டுக்கு ப்ளூ பிளாக்தான் போட வேண்டும் தம்பி" என்று அன்றைய பெரியவர் சொன்னார். எனக்கு ராயல் ப்ளூ பிடிக்கும், பளிச்சென்று இருக்கும். அவர் சொன்னதைப் பழைய காலத்துப் பிடிவாதம் என்று நினைத்தேன். ஆக அந்த நீல மேகம் நான் செய்தது.

வீட்டுக்கு வந்தபின் மனது கேட்கவில்லை. இந்த மையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அதன் மூலப்பொருள் நம் வீட்டிலேயே இருந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு உரை மருந்து இழைப்போமே, அதில் ஒன்று மாசிக்காய். பெயர்தான் காய். உண்மையில் துருக்கி, சிரியா, ஈரான் பக்கத்து ஓக் மரத்தில் ஒரு சிறு குளவி முட்டையிட, அந்த இடத்தில் மரம் வீங்கி உண்டாகும் முண்டு அது. துவர்ப்புச் சத்து மிகுந்தது. அதன் சாற்றில் அன்னபேதியை, அதாவது இரும்பு உப்பை, கலந்தால் மெதுவாகக் கருக்கும். மை தாளில் ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் கருவேலம் பிசின். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் எழுதியது இந்த மையில்தான். அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனமும் இதே மைதான்.

பழைய முறையில் மையைப் பாத்திரத்திலேயே கருக்கவிட்டுப் பிறகு எழுதுவார்கள். கருத்த துகள்கள் அடியில் தங்கும், எழுதினால் தாளின் மேலாகவே நிற்கும். 1832இல் லண்டனில் ஹென்றி ஸ்டீஃபன்ஸ் என்ற மருத்துவர் மை வியாபாரத்தில் இறங்கினார். (கவிஞர் ஜான் கீட்ஸ் மருத்துவம் படித்த நாட்களில் அவருடன் ஒரே விடுதியில் தங்கியவர் இவர். ஆங்கிலப் பாடம் எடுத்த எனக்கு இது இத்தனை வருடம் தெரியாது!) அவருடைய மை கருக்காத நிலையிலேயே புட்டிக்குள் அடைக்கப்பட்டது. எழுதும்போது தண்ணீர் போல ஓடும், தாளின் நாருக்குள் இறங்கும், அதன்பின் காற்றுப் பட்டு அங்கேயே கருத்துக் கெட்டியாகும். பிறகு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது.

இதில் ஒரு சிக்கல். கருக்காத மை வெளிறியிருக்கும், எழுதுவது கண்ணுக்கே தெரியாது. அதற்காகத்தான் நீலச் சாயம் சேர்த்தார்கள். 1850களில் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் லியோன்ஹார்டி அவுரி நீலம் சேர்த்த மையை விற்றார். பின்னர் செயற்கைச் சாயங்கள் வந்தன. அதாவது நீலக்கருப்பு என்றால் நீலத்தையும் கருப்பையும் கலந்த நிறம் என்று நாம் நினைத்தது தவறு. இன்று நீலம், வரும் வாரம் கருப்பு. நீலம் போனால் போகட்டும், கருப்பு நிற்கும்.

அரசாங்கங்களுக்கு இது பெரிய விஷயம். பத்திரமும் பிறப்புப் பதிவும் அழிந்தால் வழக்கு வரும். 1888இல் பிரஷ்ய அரசு ஆவண மைக்குத் தரம் விதித்தது. முதல் தர மை ஒரு லிட்டரில் குறைந்தது 30 கிராம் துவர்ப்பு அமிலங்களும் 4 கிராம் இரும்பும் இருக்க வேண்டும். ஷ்லுட்டிக், நியூமன் என்ற இருவர் 1890இல் சோதனை முறையையும் எழுதிவைத்தார்கள். தாளை 45 பாகை சாய்த்து நிறுத்தி, மேலிருந்து மையைக் கோடாக வழியவிட வேண்டும். பக்கத்திலேயே தரமான மையால் இன்னொரு கோடு. சில நாள் காயவிட்டு, தாளைக் கீற்றுகளாக வெட்டி, ஒன்றைத் தண்ணீரிலும் ஒன்றைச் சாராயத்திலும் ஊறவைத்து இரண்டு மையையும் ஒப்பிட வேண்டும். நம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடலாம்.

நம் நாட்டிலும் மை வெறும் வியாபாரமாக இருக்கவில்லை. காந்தியடிகள் சுதேசி மை வேண்டும் என்று கேட்க, பெங்கால் கெமிக்கல்ஸில் இருந்த வேதியியலாளர் சதீஷ் சந்திர தாஸ்குப்தா அதற்கு முயன்றார். அந்த வழியில் 1934இல் ராஜ்ஷாஹியில் மைத்ரா சகோதரர்கள் தொடங்கியதுதான் சுலேகா மை. அதற்கு முன்பே 1931இல் பம்பாயில் தண்டேகர் கம்பெனி குதிரை மார்க் மைப்பொடியும் மை மாத்திரையும் விற்றது. நமக்கெல்லாம் தெரிந்த கேமல் மை அந்தக் குடும்பம்தான்.

இரும்பு மையில் குறையும் உண்டு. அமிலம் இருப்பதால் எஃகு நிப்பை அரிக்கும், பேனாவில் காய விட்டால் அடைத்துக்கொள்ளும், அதிகமானால் தாளையே தின்றுவிடும். வெயிலும் ஆகாது. அந்தச் சுதந்திரப் பிரகடனம் பல வருடம் வெளிச்சத்தில் மாட்டியிருந்து இன்று வெளிறிக் கிடக்கிறது. அதனால் பேனா கம்பெனிகள் மெல்ல மெல்ல வெறும் சாய மைக்கு மாறின. புட்டியின் மேல் 'ப்ளூ பிளாக்' என்ற பெயரை மட்டும் விடவில்லை.

நானும் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். மூன்று மைகள். ஒன்று, கடைத்தெருவில் வாங்கிய ப்ளூ பிளாக். இரண்டு, ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் மாணவர் கொண்டுவந்து கொடுத்த இரும்பு மை. மூன்றாவது நானே செய்தது: நாட்டு மருந்துக் கடை மாசிக்காய் மூன்று பங்கு, அன்னபேதி இரண்டு பங்கு, பிசின் ஒரு பங்கு. (இதைப் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், பேனா போய்விடும். தொட்டெழுதும் கட்டைக்குத்தான் சரி.) பலகையைச் சாய்த்து வைத்து மூன்று கோடு இழுத்தேன். வீட்டில் அம்மா, "ரிட்டயர் ஆகியும் லேப் விடவில்லையா?" என்று கேட்டார்கள்.

எட்டாம் நாள் பார்த்தேன். கடை மை எழுதிய அன்றிருந்த அதே நிறம். பார்க்க அழகு, நிப்பிலும் நன்றாக ஓடுகிறது, குறை சொல்ல முடியாது. தண்ணீரில் போட்டதும் நீலம் கழன்று, சாம்பல் நிழல் போல ஒரு தடம் மட்டும் மிஞ்சியது. ஜன்னல் வெயிலில் மூன்று வாரம் வைத்த கீற்று பச்சையடித்து வெளுத்தது. ஜெர்மன் மை ஒரு வாரத்தில் கண்ணெதிரே இருண்டது. தண்ணீரில் அதன் நீலமும் போயிற்று, ஆனால் எழுத்து கருப்பாக நின்றது. என் மாசிக்காய் மை திட்டுத்திட்டாகப் பழுப்புக் கருப்பு, அழகே இல்லை. ஒரு நாள் முழுக்க ஊறவைத்தும் அசையவில்லை.

என் தீர்ப்பு இதுதான். கடிதமும் கணக்கு நோட்டும் எழுத அந்தக் கடை மை போதும். இன்னொருவருடைய பிறந்த தேதியை எழுத அது போதாது. புட்டியின் பெயரை நம்பாமல் ஒரு வரி எழுதி, ஒரு வாரம் கழித்து நனைத்துப் பாருங்கள்.

இனி அந்த உதவி. மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டைகளை அந்த நாட்களில் நான் பால்பாயிண்ட் பேனாவில் எழுதினேன். அதற்காகத் திட்டும் வாங்கினேன். அது எண்ணெய் மை, தண்ணீருக்குக் கரையாது. அந்தக் கட்டு கிடைத்தால் தேதி கிடைத்துவிடும். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய கட்டிடத்துப் பரணில் தேடப் போகிறோம். ஊரில் இருக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் ஏணியோடு வந்தால் நல்லது. 1983இல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தவர்கள் உங்களிடம் அந்த வருடத்துப் பள்ளித் தாள் எது இருந்தாலும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.