ஊர்ப் பணமும் ஒலிபரப்பும்

கோயில் உண்டியலில் காசிட்டவன் கணக்குக் கேட்டால், அவனை நாத்திகனென்று ஏசி வாயடைப்பது நம்மவரிடையே பழகிப்போன வழக்கம். பொதுப் பணத்தால் நடைபெறும் ஸ்தாபனம் எதுவாயினும் அதன் கணக்கை மக்கள் ஏன் கேட்க வேண்டும் என்பதற்குப் பிரிட்டிஷ் வானொலியின் வரலாறு தக்க சான்றாகும்.

அந்நாட்டில் 1922-ஆம் ஆண்டு பி.பி.சி. ஒலிபரப்புத் தொடங்கிற்று. வானொலிப் பெட்டி வைத்திருந்தோர், செல்வராயினும் சுரங்கத் தொழிலாளராயினும், ஆண்டிற்குப் பத்து ஷில்லிங் லைசென்ஸ் கட்டணம் செலுத்தினர். 1926 மே மாதத்தில், சுரங்கத் தொழிலாளர்க்கு ஆதரவாகப் பொது வேலைநிறுத்தம் மூண்டது. பத்திரிகைகள் பெரும்பாலும் முடங்கின. ஒன்பது நாட்களும் செய்திக்கு மக்கள் வானொலியையே நம்பியிருந்தனர். பிரதமர் பால்ட்வின் அதில் பேசினார். தொழிற்கட்சித் தலைவர் ராம்சே மக்டொனால்டுக்கோ, அரசாங்கத்தின் விருப்பமின்மையால் இடமளிக்கப்படவில்லை. தொழிலாளியின் ஷில்லிங் கசக்கவில்லை. அவன் பக்கத்து நியாயம் மட்டுமே கசந்தது!

1927 ஜனவரி முதல் நாள், அக்கம்பெனி அரச சாசனம் பெற்ற பொதுக் கழகமாயிற்று. ஆயினும், புகழ்பெற்ற ஒலிபரப்பாளருள் யாருக்கு எவ்வளவு ஊதியம் என்பது நெடுங்காலம் திரைமறைவிலேயே இருந்தது. 2017-இல் நடைமுறைக்கு வந்த சாசனம் அத்திரையை விலக்கிற்று. கழகத்தார் முதலில் எதிர்த்தும், ஆண்டிற்கு 150,000 பவுனுக்கு மேற்பெற்ற 96 பேரின் பட்டியல் அவ்வாண்டு ஜூலையில் வெளியாயிற்று. அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஆடவர். முதல் ஏழு இடங்களும் ஆடவருக்கே! பெண்களிடம் லைசென்ஸ் கட்டணத்தைக் குறைத்தா வாங்கினர்?

சீனாவுக்கான செய்தி ஆசிரியராயிருந்த கேரி கிரேஸி அம்மையார், சம வேலைக்குச் சம ஊதியம் வேண்டி 2018 ஜனவரியில் அப்பதவியைத் துறந்தார். ஜூன் மாதத்தில் கழகம் மன்னிப்புக் கோரி, குறைத்தளித்த ஊதியத்தையும் ஈடு செய்தது. அத்தொகையை அம்மையார் பெண்ணுரிமைப் பணிக்கே வழங்கிவிட்டார்.

கணக்குக் கேட்டால் வானொலியின் சுதந்திரம் பறிபோகும் என்பாரும் உளர். அரசாங்கம் தனக்குப் பிடித்தவரையே பேசவிடச் செய்வது வேறு. பணங்கொடுத்த மக்கள் செலவைக் காட்டச் சொல்வது வேறு. முன்னது 1926-இல் நிகழ்ந்த தீமை. பின்னது 2017-இல் விளைந்த நன்மை. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவோர், மூடிய ஏட்டினால் பயனடைவோரேயாவர். கோயிலாயினும் கழகமாயினும் வானொலியாயினும், ஊர்ப் பணத்தின் ஏடு ஊரார் கண்முன் திறந்தே இருத்தல் வேண்டும்.