பல்முறை இனப்பெருக்கம்

வாழ்நாளில் ஒருமுறையோடு நில்லாமல், இடைவெளி விட்டுப் பலமுறை ஈனும் உயிர்களின் வாழ்க்கைமுறை பல்முறை இனப்பெருக்கம் எனப்படும். தென்னை, மா, யானை, கடலாமை, பெரும்பாலான பறவைகள், மனிதர் எல்லாம் இவ்வகை. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூத்துக் கருகும் நீலக்குறிஞ்சி, பல பத்தாண்டுகள் வளர்ந்து ஒரே பூப்போடு மடியும் தாளிப்பனை, பசிபிக் சால்மன் மீன் ஆகியவை எதிர்வகை. வாழையை எதில் சேர்ப்பது? குலை தள்ளிய மரம் சாகிறது. அடிக்கிழங்கோ பக்கக்கன்று விட்டுப் பிழைக்கிறது. கிழங்கையே செடியாகக் கொண்டால் வாழையும் பல்முறை ஈனுவதே.

1954இல் சூழலியலாளர் லாமான்ட் கோல் ஒரு புதிரை முன்வைத்தார். ஓராண்டிலேயே ஒருமுறை ஈன்று மடியும் உயிர் ஒரே ஒரு குட்டியைக் கூடுதலாக ஈன்றால் போதும்; சாகாமல் ஆண்டுதோறும் ஈனும் உயிருக்கு இணையாகப் பெருகிவிடும். பிறகு எதற்காகப் பிழைத்திருப்பது? எரிக் சார்னோவும் வில்லியம் ஷாஃபரும் 1973இல் விடை தந்தனர். கோலின் கணக்கில் குட்டிகள் சாவதே இல்லை. இயற்கையில் முதலில் சாவது குட்டிகள்தாம். பெரியவற்றில் நூற்றுக்கு 90 அடுத்த ஆண்டைக் காண, குஞ்சுகளில் நூற்றுக்கு ஒன்றே தேறுமானால், ஈன்று மடியும் உயிர் ஈடுகட்ட 90 குஞ்சுகள் கூடுதலாக ஈன வேண்டும். சென்னைக் கடற்கரையில் நூறு முட்டைபோல இட்டுவிட்டுத் திரும்பும் பங்குனி ஆமைக்கு இக்கணக்கு நன்றாகப் பொருந்தும். கரையேற வரும் ஒரு தாய் வலையில் சிக்கிச் சாவது ஒரு கூடு அழிவதைவிடப் பன்மடங்கு இழப்பு.

ஆனால் ஒவ்வொரு ஈற்றுக்கும் விலை உண்டு. ஸ்காட்லாந்தின் ரம் தீவில், பால் கொடுத்த பெண் செம்மான்கள் அடுத்த குளிர்காலத்தில் பிழைப்பது குறைவு என்று டிம் கிளட்டன்-பிராக் குழுவினர் கண்டனர். பல்முறை ஈனும் உயிர் இன்றைய குட்டிக்கும் நாளைய குட்டிக்கும் இடையே உடலின் சேமிப்பைப் பங்கிட்டாக வேண்டும்.

பங்கீடு பலவிதம். தென்னை ஏறக்குறைய மாதம் ஒரு பாளை விடும். பாளையும் குரும்பையும் இளநீரும் நெற்றும் ஒரே மரத்தில் இருக்கும். மா ஓராண்டு கொட்டிக் காய்த்து மறு ஆண்டு ஓயும். லேசன் அல்பட்ரோஸ் ஒரு பருவத்துக்கு ஒரே முட்டை இடும். பசிபிக்கின் மிட்வே தீவில் 1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் காலில் வளையமிட்ட ‘விஸ்டம்’ என்னும் பெண் பறவை 2024 இறுதியில் மீண்டும் முட்டையிட்டது. அப்போது அதற்குக் குறைந்தது 74 வயது.